மாமாவின் இரண்டு மீட்டர்கள்

எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மாமா முதலில் பார்த்தது அக்காவை இல்லை, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அது ஓரமாக நின்றுகொண்டிருந்தது. தொட்டால் சுள்ளென்று இழுக்கும். அதனால் ஃப்ரிட்ஜைத் திறக்கப் போகும்போதெல்லாம் முதலில் காலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வோம். அதற்கென்றே ஒரு ஜோடி அங்கே கிடக்கும். விருந்தாளிகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் எடுக்க அம்மா செருப்பைத் தேடியதை மாப்பிள்ளை கவனித்துவிட்டார். கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டெஸ்டரை உருவி, ஃப்ரிட்ஜ் கதவின் ஓரத்தில் வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

"இத்தோட எப்படிங்க இத்தன நாளா இருக்கீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

"செருப்பு போட்டுக்குவோம் மாப்ள. ஒண்ணும் ஆவாது."

"செருப்பு அறுந்துட்டா?"

அப்பா பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். உள்ளே அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் கிளம்பிப் போனதும், "செருப்பு அறுந்துட்டான்னு யோசிக்கிற ஆளு, நம்மள நல்லாப் பாத்துக்குவாரு" என்றாள். "தூங்கவும் விட மாட்டாரு" என்றேன் நான். நாங்கள் இரண்டு பேரும் சொன்னது பலித்தது.

அது இரண்டாயிரத்து நான்கு. மாமாவுக்குக் கடலூர் புதுப்பாளையத்தில் வீடு, கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தர் வேலை, அக்காவைவிட எட்டு வயது மூத்தவர். இப்போது மாமா இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாராவது ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சரிபார்த்தால், "மாமா வந்துட்டாரு" என்போம்.

வங்கி வேலை அவருக்கு வயிற்றுக்கு. மனசுக்கு எலக்ட்ரானிக்ஸ். படுக்கையறை மூலையில் ஒரு மேசை போட்டு, சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பிச் சுருள், பழைய ரேடியோக்களின் வயிற்றிலிருந்து பிடுங்கிய உதிரிகள் எல்லாம் பரப்பி வைத்திருப்பார். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம், கரண்ட் போனால் தானே எரிகிற விளக்கு என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார். செய்து முடித்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு பாகத்தைப் பொருத்துவார், அளப்பார். மறுபடியும் அளப்பார். சந்தேகம் வந்து கழற்றிவிடுவார். அந்த விளக்கு எரிவதற்குள் எமர்ஜென்சி லைட் கடையில் பாதி விலைக்கு வந்துவிட்டது என்று அக்கா சொல்லிக் காட்டுவாள்.

அளப்பதற்கு அவரிடம் முதலில் இருந்தது ஒரு மட்டமான மல்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள், ஒயர் நுனியில் ஊசி. ஊசிகளை எதில் வைக்கிறோமோ அதன் வோல்ட்டை எண்ணாகக் காட்டும். கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் சிவப்பு ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருக வேண்டும். அந்த ஓட்டையில் ஒயர் இருக்கும்போது ஊசியைச் சுவர்ப் பிளக்கில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட்தான். இந்த ஓட்டை விவகாரத்தில்தான் எங்கள் வீட்டுத் தலை தீபாவளி அமர்க்களப்பட்டது.

தலை தீபாவளிக்கு மோதிரம் போட்டு உட்கார வைத்த மாப்பிள்ளை, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை மறக்கவில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு, மீட்டரும் கையுமாகப் பிளக் பாயின்ட்டின் முன்னால் உட்கார்ந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஏதோ சார்ஜரில் கரண்ட் அளந்தவர், சிவப்பு ஒயரை அதே ஓட்டையில் விட்டிருந்தார். அப்படியே சுவரில் நேராக ஊசிகளைச் சொருகினார். அந்தத் தெருவில் அன்றைக்கு அதைவிடப் பெரிய வெடி யாரும் வெடிக்கவில்லை. சுவர் கரியாகி, மீட்டர் பிளந்து, வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. மாமா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கருகிய ஒயர்களை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள வெடி சூப்பரு மாமா. அடுத்த வருஷமும் கொண்டாங்க" என்றேன். மச்சினிச்சிக்கு இந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்கா பக்கத்துல நின்னிருந்தா?" என்றார்.

அன்றிலிருந்து எதை அளப்பதற்கு முன்னாலும், "ஓட்டையப் பாத்தியா? பாத்தேன்" என்று தன்னைத்தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வார். பஸ்ஸில் ஏறும்போதும் அப்படித்தான், சில்லறை, டிக்கெட், வீட்டுப் பூட்டு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கேள்வி பதில் நடக்கும். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மீட்டர் போனதால் புது மீட்டர் வாங்க வேண்டியதாயிற்று. மனுஷன் அதற்கு மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார். பெண் பார்த்து ஒரே வாரத்தில் சரி என்றவர்தான். அதை அக்காவிடம் சொல்லி எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

நான் அப்போது அண்ணாமலை நகரில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். இன்ஜினியரிங் பையன்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிற பையன்கள் கட்டில், பக்கெட், மீட்டர் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். தேர்வு முடிகிற சமயம் பார்த்து மாமா கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். ஒரு பையன் நல்ல மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயர் மெதுவாக வளைகிறதா, உள்ளே ஃபியூஸ் இருக்கிறதா, பைக்குள் போட்டால் உறுத்துமா என்றெல்லாம் ஆராய்ந்து முடித்தபின் கேட்டார்:

"இத எத்தன தடவ கீழ போட்டிருப்பீங்க தம்பி?"

"போடவே இல்ல சார்."

மாமா மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையன் போனதும், "நல்ல மீட்டருதான மாமா, இன்னாத்துக்கு வாணாம்னீங்க?" என்று சண்டை பிடித்தேன்.

"நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்த மீட்டரு கீழ விழாம இருக்குமா? வித்தவன் பொய் சொல்றான். அவங்கிட்ட இருந்த மீட்டர எப்படி நம்புறது?"

பாண்டிச்சேரிக் கடைக்கு ஒருமுறை என்னையும் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனார். துணி எடுக்கத்தான் போகிறோம் என்று நாங்கள் நம்பினோம். கடைக்காரர் ஐந்து மீட்டர்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். மாமா பையிலிருந்து ஒரு புது டார்ச் செல்லை எடுத்து, ஒவ்வொரு மீட்டராலும் அந்த ஒரே செல்லை அளந்தார். ஒன்றில் வந்த எண் இன்னொன்றில் வரவில்லை. புள்ளிக்கு அப்புறம் கடைசி எண்ணில் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம்.

"இதுல எதுங்க சரி?"

"எல்லாமே சரிதான் சார்."

"எண்ணு வேற வேறயா இருக்கு. எல்லாம் எப்படி சரியா இருக்கும்?"

"சார், இது பவுன் நிறுக்கிற தராசா? வீட்டு வேலைக்கு இது போதும் சார்."

"அப்ப தப்பா காட்டுதுன்னு ஒத்துக்கிறீங்க."

கடைக்காரர் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்கா, "எங்களுக்கும் இப்படித்தாங்க" என்றாள். பிறகு மாமா வெளியே போய் வெயிலில் நின்றார். உள்ளே வந்து செல்லை மறுபடி அளந்தார். அவருடைய கவலை எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. அவருக்கு விலையோ மாடலோ பிரச்சினை இல்லை. அளக்கிற கருவி சரியா என்று பார்க்க இன்னொரு கருவி வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும். இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடையில் நின்ற எங்களில் அதற்காகப் பயந்தவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டாக வாங்கிவிட்டார். ஒன்று பெரியது, விலை ஜாஸ்தி, ரப்பர் உறை போட்டது. இன்னொன்று சட்டைப் பையில் வைக்கிற சின்னது. எதையும் இரண்டிலும் அளப்பார். அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா நம்பு. ஒத்துப்போகலன்னா, எது கெட்ட சேதி சொல்லுதோ அத நம்பு."

"நல்ல சேதிய நம்பினா இன்னா மாமா?"

"நல்ல சேதிய நம்பி ஏமாந்தா உயிரு போவும். கெட்டத நம்பி ஏமாந்தா நேரந்தான் போவும்."

காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரும் அவர் வீட்டில் இரண்டு. ஸ்டேஷனில் ரயில் நேரத்தை இரண்டு பேரிடம் கேட்பார், எவன் முன்னால் வரும் என்கிறானோ அவன் பேச்சைக் கேட்டு ஓட வைப்பார். அக்கா இதற்கெல்லாம் பழகிவிட்டாள். எனக்குத்தான் ஆத்திரமாக வரும். இந்த ஆளோடு ஒரு நாள் இருந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும்.

அக்காவுக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அது ஜாஸ்தியாயிற்று. டாக்டர் சொல்லி வீட்டிலேயே ஒரு நெபுலைசர் வாங்கி வைத்தார்கள். மருந்தைப் புகை மாதிரி ஆக்கி முகமூடி வழியாக உள்ளே அனுப்புகிற சின்ன மெஷின். இழுப்பு வந்தால் பிளக்கைச் சொருகிப் பத்து நிமிஷம் பிடித்தால் போதும், அக்கா பேச ஆரம்பித்துவிடுவாள். புதுப்பாளையத்தில் கரண்ட் ஏறும் இறங்கும். அதனால் மெஷினைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மாமா பிளக் பாயின்ட்டை இரண்டு மீட்டராலும் அளப்பார். இருநூற்று முப்பதை ஒட்டி இருந்தால்தான் சுவிட்சைப் போடுவார். அதற்குள் அக்கா குனிந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சுக்குத் தவிப்பாள். நான் பக்கத்தில் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இந்த மனுஷனுக்கு அவளைவிட மீட்டர்தான் பெரிசு என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

பிறகு இரண்டாயிரத்துப் பதினொன்று கடைசியில் 'தானே' புயல் வந்தது. கடலூரில் நிற்கிற மரமே இல்லாமல் போயிற்று. கம்பங்கள் ஒடிந்து விழுந்து, ஊருக்கே கரண்ட் இல்லை. போனும் இல்லை. பஸ் ஓட ஆரம்பித்த அன்றைக்கு அரிசி, மெழுகுவர்த்தி, பால் பவுடர் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து போனேன். வழியெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வீட்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்ததில் மாமாவின் மூக்குக்கண்ணாடியும் போயிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "நீயா?" என்றார்.

தெருவெல்லாம் அழுகிய இலை நாற்றம், மண்ணெண்ணெய் அடுப்புப் புகை. நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. வாயில் அடிக்கிற ஸ்பிரேயும் தீர்ந்திருந்தது. நல்ல வேளையாக அன்றைக்குத் தெருவில் ஒரு ஜெனரேட்டர் வண்டி நின்றது. மோட்டார் ஓட்டித் தொட்டி நிரப்ப வீட்டுக்கு அரை மணி நேரம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் உடனே ஒயரை எங்கள் வீட்டுக்குள் இழுத்துக் கொடுத்தார்கள். ஃபேன் சுற்றியது. எனக்கு உயிர் வந்தது.

மாமா இரண்டு மீட்டர்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். "ஓட்டையப் பாத்தியா? பாத்தேன்."

சின்ன மீட்டர் இருநூற்று முப்பத்தொன்று காட்டியது. பெரிய மீட்டர் இருநூற்று எண்பத்தேழு.

மறுபடியும் வைத்தார். அதே எண்கள். ஒயரை மாற்றி வைத்தார். அதே எண்கள்தான். பெரியதை நம்பினால் இந்தக் கரண்டில் நெபுலைசர் எரிந்துபோகும். சின்னதை நம்பினால் ஒன்றும் ஆகாது. அக்காவின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"எங்க வூட்ல மோட்டார் இப்பதாங்க ஓடிச்சு. ஒண்ணும் ஆவல" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மோட்டார் தாங்கும். இது தாங்காது."

"மாமா, சின்னது சரியாத்தான காட்டுது? ஏதாவது ஒண்ண நம்பித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

"ரெண்டும் ஒத்துப்போகல." பெரிய மீட்டரைத் தூக்கிக் காட்டினார். "கெட்டதத்தான் நம்பணும். மெஷின் எரிஞ்சிட்டா இந்த ஊர்ல இப்ப இன்னொண்ணு எங்க கெடைக்கும்?"

சொல்லிவிட்டு மீட்டர்களைத் தரையில் போட்டார். வைக்கவில்லை, போட்டார். அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, "ஒரு கை புடிங்க" என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். தெருவில் ஆட்டோ வராது, மரங்கள் கிடந்தன. கையில் மருந்தும் மெஷினும் கரண்டும் இருக்கும்போது, மூச்சு விட முடியாதவளை மரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதா? தெருவே அவரைத் திட்டியது. நான் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினேன். அக்காவுக்கு ஏதாவது ஆனால் உங்களை விடமாட்டேன் என்றேன். அவர் எதையும் காதில் வாங்காமல், கிளைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தார். கண்ணாடி இல்லாமல் இரண்டு இடத்தில் தடுக்கினார். ஆனால் நாற்காலியை விடவில்லை. ரோட்டுக்கு வந்ததும் ஒரு ஆட்டோ கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை அக்காவின் விரலில் மாட்டி எண்ணைப் பார்த்த டாக்டரம்மா உடனே நர்ஸைக் கூப்பிட்டார். ஆக்சிஜன், ஊசி, டிரிப்ஸ் என்று ஆட்கள் ஓடினார்கள். அன்று முழுக்க எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் அக்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். டாக்டரம்மா வெளியே வந்து எங்களிடம் சொன்னார்: "சாதாரண இழுப்பு இல்லைங்க இது. வீட்டு மெஷின்ல மருந்துதான் வரும், ஆக்சிஜன் வராது. வீட்லயே வச்சிருந்தீங்கன்னா கொஞ்சம் தேறின மாதிரி தெரிஞ்சிருக்கும். நீங்களும் சரியாப் போச்சுன்னு விட்டிருப்பீங்க. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

நான் மாமாவின் காலில் விழாத குறை. மாற்றுத்துணி எடுத்துவர அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எல்லோரிடமும் எங்கள் மாமா கெட்டிக்காரர் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவர் சாயங்காலம்தான் திரும்பி வந்தார். துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றார்.

"பெரிய மீட்டர்ல பேட்டரி எறங்கிப்போச்சு" என்றார். "பேட்டரி எறங்கினா அது எல்லாத்தையும் ஜாஸ்தியாக் காட்டும். மூலையில பொடிசா ஒரு அடையாளம் வரும். கண்ணாடி இல்லாததால நேத்து எனக்குத் தெரியல, இன்னிக்கு கண்ணுக்கிட்ட வச்சுப் பாத்தேன். புது பேட்டரி போட்டு அதே ஜெனரேட்டர்ல வச்சுப் பாத்தேன். இருநூத்தி முப்பத்தொண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பொய் சொன்ன மீட்டருக்கு மாலை போடுங்க மாமா. அதாலதான அக்கா பொழச்சா?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே கட்டிலில் அக்கா முகமூடியோடு தூங்குவதைக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கரண்ட் நல்லாத்தான் இருந்திச்சு. நான் சரியா அளந்திருந்தா மெஷினப் போட்டிருப்பேன். அவ கொஞ்சம் தேறியிருப்பா. நான் பக்கத்துல உக்காந்து, அப்பாடான்னு டீ குடிச்சிருப்பேன்." கதவை இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தார். "சரியா அளந்திருந்தா அவ செத்துப்போயிருப்பா."

"அதான் போகலையே மாமா."

"அடுத்த தடவ இழுப்பு வரும்ல? அப்ப ரெண்டு மீட்டரும் ஒத்துப்போவும். கரண்ட் சரியா இருக்கும். நான் எதப் பாத்து முடிவு பண்றது, சொல்லு?"

கேலிக்குக் கேட்கவில்லை. எதற்கும் வாயைத் திறந்து பதில் சொல்கிற மச்சினிச்சியிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கும் என்று நினைத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.